அடிக்காமல் வைத்த பெயர்

விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பேனர் கடை. அந்தக் கடையில் ஒரு லேப்டாப். அந்த லேப்டாப்பின் இடது விலாவில் ஒரு யுஎஸ்பி போர்ட் குடியிருந்தது.

வலது பக்கமும் ஒன்று இருந்ததுதான். யாரோ வயரில் கால் தடுக்கி இழுத்ததில் அது பிய்ந்து போயிற்று. அதன் பிறகு மவுஸ், கார்டு ரீடர், போன் வயர் என்று எல்லாரும் முறை வைத்து இடது வாசலுக்குத்தான் வந்தார்கள். போர்ட் ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. வந்தவருக்கு முதலில் கொஞ்சம் கரண்ட் கொடுக்கும். பிறகுதான் நீங்கள் யார், என்ன வேலையாக வந்தீர்கள் என்று விசாரிக்கும்.

உள்ளே ஒரு எழுத்தர் இருந்தார். வந்தவர் பெயரைப் பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. கிளம்புகிறவர் "போயிட்டு வரேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் எழுத்தர் பெயரை அடித்துவிட்டு, "பத்திரமாப் போங்க" என்பார். அடுத்த ஆளுக்கு இடம் காலியாகும். அந்த வீட்டு முறை அது.

மற்ற எல்லாரும் போர்ட்டுக்கு விருந்தாளிகள். சிவப்புப் பென்டிரைவ் மட்டும் அப்படி இல்லை. கடையில் போட்ட டிசைனைச் சுமந்துகொண்டு ஊருக்கு வெளியே இருந்த பிரிண்டிங் பிரஸ்ஸுக்குப் போவதும், போன சூட்டோடு திரும்புவதுமாக, அது நாளுக்கு எட்டுத் தடவை அந்த வாசலை மிதிக்கும். மற்றவர்களை "வாங்க" என்று கூப்பிடும் போர்ட், பென்டிரைவைப் பார்த்தால் "வாடா, தின்னியா?" என்று கேட்கும்.

ஆடி மாதம் வந்தது. தெருவுக்கு ஒரு திருவிழா, திருவிழாவுக்குப் பத்து பேனர். பென்டிரைவுக்கு மூச்சு விட நேரமில்லை. ஒரு நாள் மத்தியானம் தொட முடியாத சூட்டோடு வந்து உட்கார்ந்தது.

"சீக்கிரம் ஏத்து. போகணும்."

"இருடா, கடைசி டிசைன் இன்னும் முழுசா ஏறல."

"உனக்கென்ன, நிழல்ல உட்கார்ந்துட்டுப் பேசுவ. வெயில்ல அலையறவன் நான். நான் தூக்கிட்டுப் போகலன்னா உன் வீட்டு டிசைன் அத்தனையும் உள்ளேயே கிடந்து ஊசிப் போகும்."

"அடேயப்பா! நான் கரண்ட் கொடுக்கலன்னா நீ வெறும் பிளாஸ்டிக் துண்டு. அதை ஞாபகம் வச்சுக்க."

சொல்லி முடித்ததுமே போர்ட்டுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் வாயை விட்டு வந்தது வந்ததுதான்.

"போட்ட சோத்தச் சொல்லிக் காட்டுறியா?" பென்டிரைவின் விளக்கு படபடவென்று துடித்தது. "இனிமே உன் வாசப்படிய மிதிச்சா என்னன்னு கேளு!"

கடைக்காரர் தணிகாசலம் அந்த நேரம் பார்த்து அவசரத்தில் அதை வெடுக்கென்று உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பென்டிரைவ் நினைத்திருந்தால் உருவுகிற நொடியிலேயே "வரேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சாயங்காலம் வரைக்கும் போர்ட் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. எழுத்தர் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்.

"பென்டிரைவ் தம்பி பேரை அடிச்சிடட்டுங்களா?"

"எதுக்கு அடிக்கணும்? போறேன்னு உங்ககிட்ட சொன்னானா?"

"சொல்லலைங்க."

"அப்ப உள்ளதான் இருக்கான். அப்படியே இருக்கட்டும்."

எழுத்தர் சொன்னதை எழுதுகிறவர். அப்படியே விட்டார்.

மறுநாள் மவுஸ் வந்தது. போர்ட் பழக்கத்தில் கரண்ட் கொடுத்தது. மவுஸின் அடிவயிற்றில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. "யாருங்க நீங்க?" என்று போர்ட் கேட்டது.

"என்னங்க விளையாடுறீங்களா? நான்தான் மவுஸ். ஒரு வருஷமா வர்றேன்."

"உள்ள ஆள் இருக்காங்க. இடமில்ல. உங்களையும் தெரியல."

திரையில் ஒரு வரி வந்தது: சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை.

அடுத்து போன் வயர் வந்து அதே பதிலை வாங்கிக்கொண்டு போனது. அதற்கு அடுத்து கார்டு ரீடர் வந்து கெஞ்சியது. "அண்ணே, உள்ள ஒரு கொழந்த போட்டோ இருக்கு. மொத பிறந்தநாள் பேனர். அவங்கம்மா வெளியில நிக்கறாங்க. ஒரே ஒரு நிமிஷம் விடுண்ணே."

போர்ட்டுக்கு மனசு இளகாமல் இல்லை. ஆனால் கார்டு ரீடரை உட்கார வைத்தால் எழுத்தர் பழைய பெயரை அடித்துவிடுவார். "இடமில்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

தணிகாசலத்துக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வாசலில் வாயை வைத்து ஊதினார். பழைய பல் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினார். லேப்டாப்பை அணைத்துப் போட்டார். திருப்பித் திருப்பிக் குத்தினார். குழந்தையின் அம்மா, "நான் வேற கடையில பாத்துக்கறேங்க" என்று கார்டை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

அந்த நேரத்தில் பென்டிரைவ் பிரஸ்ஸில் இருந்தது. தணிகாசலம் அங்கே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். ராத்திரி அவர் பேனர் எடுக்க வந்தபோது அது மேஜைமேல்தான் கிடந்தது. அவர் கண்ணில் படப் போகிற நேரம் பார்த்து, பேனர் வெட்டிய துண்டுகளுக்கு அடியில் நகர்ந்து ஒளிந்துகொண்டது.

பிரஸ்ஸில் இருந்த கத்தரிக்கோல் அதைப் பார்த்துவிட்டது. "என்னய்யா, உன்னோட ஆளு வந்து தேடாமலே போறாரு, நீயும் பேசாம இருக்க?"

"அந்தப் போர்ட்டு கெடந்து தவிக்கட்டும். நான் இல்லன்னா தெரியும்."

"அவன் தவிக்கறது உனக்கு எப்படித் தெரியும்? நீ தவிக்கறது எனக்குத் தெரியுது."

"வெட்டறதோட நிறுத்திக்க."

மறுநாளும் தணிகாசலம் வந்தார். மறுநாளும் அது ஒளிந்துகொண்டது. அவன் முதலில் கூப்பிடட்டும் என்று பென்டிரைவ் இருந்தது. அவன் முதலில் வரட்டும் என்று போர்ட் இருந்தது. சந்தையில் கடைசிவரை விலை சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறவன் ஜெயிக்கலாம். வேண்டியவர்களிடம் அப்படி உட்கார்ந்திருந்தால் சரக்கும் போகும், சந்தையும் கலைந்துவிடும். இது இரண்டு பேருக்கும் அப்போது உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தணிகாசலம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக் ஷர்புதீன் கடைக்குப் போனார்.

"மதர்போர்டு போச்சுன்னு மட்டும் சொல்லிடாத பாய். அப்படின்னா இதை இங்கயே தலையைச் சுத்திப் போட்டுட்டுப் போயிடுவேன்."

"அண்ணே, கைய வைக்கறதுக்குள்ள பேரத்த ஆரம்பிக்காதீங்க. உட்காருங்க."

ஷர்புதீன் மவுஸை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் குத்திப் பார்த்தார். ஓடியது. டார்ச் அடித்துப் போர்ட்டின் வாய்க்குள் பார்த்தார். "கம்பி எல்லாம் நேராத்தான் இருக்கு. கரண்டும் வருது. ஆளத்தான் அடையாளம் தெரியல."

"கரண்ட் குடுக்குது, ஆளத் தெரியலன்னா என்ன வீம்பு அது?"

"பேட்டரி மிச்சம் பண்றேன்னு சில சமயம் தூங்கிடும்ணே. அதையும் பாத்துடறேன்." அந்த ஏற்பாட்டை நிறுத்திப் பார்த்தார். அப்போதும் போர்ட் மவுஸைப் பார்த்து "யாருங்க?" என்றுதான் கேட்டது.

பிறகு ஷர்புதீன் எழுத்தரின் பதிவேட்டையே திறந்துவிட்டார். மறைவாக இருக்கிற பக்கங்களையும் விரித்தார். மங்கிப்போன எழுத்தில் ஒரு பெயர் அடிக்கப்படாமல் நின்றது.

"இந்தா இருக்கு பாருங்க. எப்பவோ எழுந்து போன ஆளு இன்னும் உள்ள இருக்கறதா எழுதி வச்சிருக்கு. வெடுக்குனு உருவினீங்களா?"

"அவசரத்துல எவன் அதெல்லாம் பாப்பான்?"

"சரி விடுங்க. இந்தப் பதிவேட்ட மொத்தமா தொடச்சுட்டா புதுசாயிடும்."

"தொடச்சா எதுனா போயிடுமா?"

"ஒண்ணும் போகாதுண்ணே. பழைய பேருங்கதான் போகும்."

உள்ளே எழுத்தர் பதறினார். "ஐயா, தொடைக்கற கை பேரு மேலயே வந்துடுச்சு. என்ன பண்ணட்டும்?"

"இன்னும் ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்க," என்றது போர்ட். "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவன் வருவான். வந்தா ஒரு வார்த்தை சொல்லணும்."

"நம்ம பேச்சு அவங்களுக்குக் கேக்காதுங்களே."

ஷர்புதீன் பெயரைத் துடைத்தார். லேப்டாப்பை அணைத்து பேட்டரியைக் கழற்றினார். உள்ளே தேங்கிக் கிடக்கிற கரண்டும் வடியட்டும் என்று பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்தார். கடைசிச் சொட்டு வடிகிறபோது போர்ட்டுக்கு ஒரு சிவப்பு நிறம் நினைவுக்கு வந்தது. அது யாருடையது என்று யோசித்தது. யோசிப்பதற்குள் அதுவும் வடிந்துவிட்டது.

மறுபடி உயிர் வந்ததும் மவுஸ் உள்ளே போனது. "வாங்க வாங்க!" என்றது போர்ட். திரையில் அம்பு துள்ளி ஓடியது. தணிகாசலம் தொடையில் தட்டிச் சிரித்தார்.

அதே காலையில்தான் பிரஸ்ஸில் பென்டிரைவ் துண்டுகளுக்கு அடியிலிருந்து தானாக வெளியே வந்து மேஜை விளிம்பில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி படுத்துக்கொண்டது. ராத்திரியெல்லாம் அது தூங்கவில்லை. கத்தரிக்கோலிடம் அதுவாகவே சொல்லிற்று: "வயசுல பெரியவன். ஒரு வார்த்த கூடுதலாப் பேசிட்டான், அதுக்கென்ன? நேத்தே போயிருக்கணும்."

மத்தியானம் தணிகாசலம் வந்தபோது பிரஸ்காரம்மா பூங்காவனம் அதை எடுத்து நீட்டினாள். "உங்க சாமான் தானே இது? இங்கயேதான் கெடந்திருக்கு."

வழி நெடுக, சட்டைப் பைக்குள், பென்டிரைவ் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டது. முதலில் தப்பு என்மேல்தான் என்று சொல்ல வேண்டும். பிறகு, அவன் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வாசலில் நுழைந்ததும் கரண்ட் வந்தது. பென்டிரைவ் கண்ணை மூடிக்கொண்டு திட்டுக்குக் காத்திருந்தது.

"வணக்கம். வாங்க, உட்காருங்க," என்றது போர்ட். "உங்க பேரு என்னங்க?"

"இன்னும் கோவமாடா?"

"கோவமா? உங்க மேல எனக்கென்னங்க கோவம்? இப்பத்தானே பாக்கறேன்."

எழுத்தர் புதுப் பதிவேட்டைப் புரட்டி, "ஊருக்குப் புதுசுங்களா?" என்று பேனாவை எடுத்தார்.

பென்டிரைவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், எப்படியாவது ஒன்று நினைவுக்கு வந்துவிடாதா என்று ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கியது. ஒரு போர்ட்டும் ஒரு பென்டிரைவும் ஒன்றாக இருந்ததை, ஒரு மத்தியானம் இரண்டு வார்த்தைகள் தடித்துப் போனதை, ஒன்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க மற்றொன்று குப்பைக்கு அடியில் ஒளிந்துகொண்டதை, ஒன்று விடாமல் சொன்னது.

போர்ட் குறுக்கே பேசாமல் கேட்டது. நடுவில் ஒரு தடவை, "பாவங்க, அந்தப் போர்ட்டு" என்று உச்சுக்கொட்டியது.

கதை நின்றுவிட்டது. போர்ட் ஆவல் தாங்காமல் கேட்டது:

"அப்புறம்? அவங்க ரெண்டு பேரும் மறுபடி சேர்ந்துட்டாங்களா?"