கேஸ் போடச் சொன்ன பிள்ளை

தீர்ப்புச் சொல்ல வாய் துறுதுறுக்கிறவர்கள் கடைசிவரை பொறுத்துக் கேட்க வேண்டும். பாதியில் குறுக்கே புகுந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சுபாஷினி, மருந்துக் கடையில் தீப்புண் களிம்பு ஒன்றைத் திருடும்போது பிடிபட்டாள். கடைக்காரர் சிக்கந்தர் பாய் ஆத்திரத்தில் போலீசைக் கூப்பிட்டுவிட்டார். வந்தவர் பெண் ஏட்டு ஜெசிந்தா, காக்கி போடாமல் சாதாரணச் சேலையில். ஸ்டேஷனில் அவளை நாற்காலியில் உட்கார வைத்து டீயும் பன்னும் கொடுத்தார். அவள் எதையும் தொடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க அக்கா."

"சொல்ல மாட்டேன்டா, பயப்படாதே" என்று ஜெசிந்தா வாக்குக் கொடுத்துவிட்டார். அதன் பிறகுதான் அவள் சுடிதார் கையைச் சுருட்டிக் காட்டினாள். முழங்கைக்கு மேல் கரண்டியால் வைத்த சூடு, இன்னும் காயவில்லை. ஐயோ, பெற்றவன் செய்கிற காரியமா இது!

இன்ஸ்பெக்டர் வேலாயுதம் சட்டம் தெரிந்த மனிதர். சிறுவர்களை லாக்கப்பில் அடைக்க மாட்டார், விலங்கு மாட்ட மாட்டார், அதட்டக்கூட மாட்டார். பிள்ளையைப் பிடித்தால் பெற்றவருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம்தானே? ஜெசிந்தாவைக் கேட்காமலே அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டார்.

இதற்குள் சிக்கந்தர் பாய்க்கு மனசு கேட்கவில்லை. ஸ்டேஷனுக்கு ஓடி வந்தார். "ஒரு களிம்புக்காகப் புள்ள வாழ்க்கையைக் கெடுத்த பாவம் எனக்கு வேணாம் சார். புகார் இல்லை, விட்ருங்க" என்றார்.

அவர் வாய் மூடுவதற்குள் அப்பா கருணாகரன் வந்து நின்றார். பேரைப் பாருங்கள், கருணாகரன்! சத்தம் போடவில்லை, கையெடுத்துக் கும்பிட்டார். "இனிமே கண்டிச்சு வளர்க்கிறேன் சார், அனுப்புங்க."

சுபாஷினி ஜெசிந்தாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "பாய், நான் திருடினேன்னு சொல்லுங்க பாய்! சார், என் மேல கேஸ் போடுங்க சார்!"

"சார், அந்தக் கையைப் பாருங்க" என்றார் ஜெசிந்தா.

இன்ஸ்பெக்டர் பார்த்தார். அவருக்கும் சங்கடம்தான். "புகாரே இல்லைன்னு ஆயிடுச்சும்மா. இனி பிள்ளையை வச்சுக்க எனக்கு ஏது அதிகாரம்? அடிக்கிற கைதான் அணைக்கும். கூட்டிட்டுப் போகட்டும்."

ஜெசிந்தா போய்க் கதவை மறித்து நின்றுகொண்டார். "நான் விட மாட்டேன் சார்."

தகவல் சொன்ன இன்ஸ்பெக்டர், புகாரைத் திரும்பப் பெற்ற பாய், கதவை மறித்த ஏட்டம்மா. இப்போது சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: பாயின் இரக்கத்தால் திருட்டு தீர்ந்தது, சூடு தீரவில்லை. இன்ஸ்பெக்டர் தகவல் சொன்னது சரிதான். ஆனால் தகவல் சொல்வதும் பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பதும் ஒன்று என்று நினைத்தாரே, அங்கேதான் சறுக்கினார். வீட்டில் வதைபடுகிற பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோய் நிறுத்த எந்தப் போலீசுக்கும் அதிகாரம் உண்டு, அதற்கு யார் புகாரும் வேண்டாம். ஜெசிந்தா கொடுத்த வாக்கு அவரால் காப்பாற்ற முடியாதது, கொடுத்திருக்கக் கூடாது. கதவை மறித்தாரே, அன்றைக்கு அந்த ஸ்டேஷனில் பிள்ளையைக் காப்பாற்ற நடந்த காரியம் அது ஒன்றுதான். இதற்கு மேலும் அப்பனுக்கு உரிமை இல்லையா என்று நியாயம் பேச வருகிறவர்கள், வீட்டுக்குப் போவதைவிட ஜெயிலே மேல் என்று ஒரு பிள்ளை கெஞ்சியதைக் காதில் வாங்கிக்கொண்டு பேசுங்கள்.