சீனியம்மா கேட்ட பாலம்

எல்லாரும் கிட்ட வந்து உக்காருங்க. ஏலே, அவ சடையப் பிடிச்சு இழுக்காதலே, கை சும்மா இருக்காதா உனக்கு? கதைக்கு ஊங்கொட்டணும், ஆமா. கொட்டலேன்னா பாதியிலயே நிறுத்திப்புட்டு நாம்பாட்டுக்குப் படுத்துருவேன்.

ஒரு காலத்துல, ஏழு ஊரு சேந்து ஒரு சீமை இருந்துச்சாம். அந்தச் சீமைக்கு நடுவுல ஒரு ஆறு. பேயாறுன்னு பேரு. பத்து மாசம் வெறும் மணலாக் கெடக்கும், ஐப்பசி கார்த்திகை வந்துச்சோ, பேரு வச்சவன் வாய்க்குச் சக்கர போடலாம், அப்பிடி ஓடும். அந்த ரெண்டு மாசமும் இக்கரையில இருக்கிறவுக இக்கரையில, அக்கரையில இருக்கிறவுக அக்கரையில.

இக்கரையில ஒரு பொம்பள இருந்தா. ஏழு ஊருக்கும் தலையில கூடை வச்சுக்கிட்டு உப்பு வித்துட்டு வருவா. உப்புக்காரிக்குப் பேரு என்ன தெரியுமா? சீனியம்மா! சிரிக்காதீக, அவுக ஆத்தா ஆசையா வச்ச பேரு. அவ எந்த வீட்டு வாசல்ல நின்னாலும், "என்ன தாயி, நமக்கு உப்பு இருக்கா? நம்ம கண்ணுக்குட்டி பால் குடிக்குதா? நம்ம மாமியாரு இருமல் நின்னுச்சா?"ன்னு தான் கேப்பா. யாரு வீட்டு மாமியாரா இருந்தாலும் அவளுக்கு நம்ம மாமியாருதேன். வாயில வேற வார்த்தை வராது.

இம்புட்டு வாயாடிக்கும் மனசுக்குள்ள ஒரு பெரிய நோவு இருந்துச்சு. அவளுக்கு ராக்கு, பிச்சம்மான்னு ரெண்டு பொம்பளப் பிள்ளைக. மூத்தவ ராக்குக்கு ஒரு ஐப்பசியில பிரசவ வலி எடுத்துச்சு. மருத்துவச்சி மூக்கம்மா இருக்கிறது அக்கரையில. ஆத்துல வெள்ளம். மூக்கம்மா அக்கரையில நின்னுக்கிட்டு, "அப்பிடிப் பிடிங்கடி, இப்பிடித் திருப்புங்கடி"ன்னு கத்துறா, தண்ணி இரைச்சல்ல ஒண்ணுங் கேக்கல. ரெண்டு நாளு. மூணாம் நாளு தாயுமில்ல, பிள்ளையுமில்ல.

ஊங்கொட்ட மறந்துட்டீக. பரவாயில்ல, அந்த எடத்துல நானும் கேக்க மாட்டேன்.

இப்ப இளையவ பிச்சம்மா முழுகாம இருக்கா. எப்பப் பெறுவா? கணக்குப் பாத்தா, அதே ஐப்பசி. சீனியம்மாளுக்கு அன்னையிலிருந்து சோறு இறங்கல.

அந்த நாட்டு ராசாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வருசா வருசம் ஆனி மாசத்துல, சீமைக்கு ஒருத்தரு அரமனைக்கு வரணும். வந்து, எங்க சீமைக்கு இது வேணும்னு ஒரே ஒரு காரியம் கேக்கணும். நியாயமா இருந்தா ராசா கசானாவத் தொறந்து செஞ்சு குடுப்பாரு. கேக்கப் போற ஆளுக்கு ஊர்வாய்னு பேரு. ஊரோட வாய்.

மூணு வருசமா ஊர்வாயாப் போனவரு யாரு? பெரியவீட்டு மாசிலாமணி. பேருல தான் மாசு இல்ல. முத வருசம் போனாரு, "ஊருக்கு ஒரு ஊருணி வேணும் மகாராசா"ன்னாரு. ஊருணி வந்துச்சு, எங்க? அவரு தோப்புக்குள்ள. சுத்தி வேலி. ரெண்டாவது வருசம் போனாரு, "ஊருக்கு ஒரு பாதை வேணும் மகாராசா"ன்னாரு. பாதை வந்துச்சு, எது வரைக்கும்? அவரு வீட்டு வாசப்படி வரைக்கும். மூணாவது வருசம் போனாரு, "வழிப்போக்கருக்கு ஒரு சத்திரம் வேணும் மகாராசா"ன்னாரு. சத்திரமும் வந்துச்சு. அதுக்குள்ள யாரு படுத்தா? அவரு மாடும் அவரு வைக்கோலும். ராசா என்னத்தக் கண்டாரு? அவரு இருக்கிறது மூணு நாள் நடைத் தூரத்துல.

நாலாவது வருசம் ஏழூரும் கூடுனாக. மாசிலாமணி துண்டை உதறிப் போட்டுக்கிட்டு எந்திரிச்சாரு. "இந்த வருசம் ஊருணிக்குச் சுத்துமதிலு கேக்கலாம்னு இருக்கேன்"னாரு. ஜனங்களுக்கு வயித்தெரிச்சல். ஆனா யாரு எதுத்துப் பேசுறது? ஆளாளுக்குத் தரையப் பாத்துக்கிட்டு இருந்தாக. அப்ப ஒரு ஆடு மேய்க்கிறவன், கொஞ்சம் அரக்கிறுக்கு, அவன் சொன்னான், "ஊருக்கு வாய்னா, ஊருல ரொம்பப் பேசுறவுகளத்தான அனுப்பணும்? நம்ம உப்புக்காரிய விட யாரு பேசுறா?"ன்னான். எல்லாரும் குபீர்னு சிரிச்சாக. சிரிச்சுப்புட்டு, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாக. அட, அது சரிதேன்னு பட்டுச்சு. "சீனியம்மா, நீயே போயிட்டு வா. ஆத்துக்கு ஒரு பாலம் கேட்டு வாங்கிட்டு வா"ன்னு ஏழூரும் சொல்லிப்புடுச்சு.

சீனியம்மா கட்டுச்சோறக் கட்டிக்கிட்டு நடந்தா. நடந்தா, நடந்தா, மூணு நாளு நடந்தா. மாசிலாமணி சும்மா இருப்பாரா? வில்லுவண்டியப் பூட்டிக்கிட்டு அவளுக்கு முன்னாடியே போயி அரமனையில சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு.

வாசல்ல ஒரு காவக்காரரு, வயசான மனுசன். இவ கால்ல புழுதியப் பாத்து மனசு இரங்கி, "ஏத்தா, மொத தடவையா? மூணு சேதி சொல்றேன், ஞாபகம் வச்சுக்க"ன்னாரு.

"சொல்லுங்கண்ணே."

"ஒண்ணே ஒண்ணு தான் கேக்கணும். கேட்டு முடிச்சதும், இது என் வீட்டுக்கு இல்லைன்னு கொடிமரத்தத் தொட்டுச் சத்தியம் பண்ணணும். மூணாவது தான் முக்கியம். 'எங்களுக்கு வேணும் மகாராசா'ன்னு சொல்லணும். மறந்தும் 'நமக்கு'ன்னு சொல்லிறாத."

"ஏண்ணே, சொன்னா என்ன?"

"என்னவா? எங்களுக்குன்னா குடிபடைக. நமக்குன்னா நீயும் ராசாவும் ஒண்ணாயிருவீக. நாக்க அறுத்துருவாக, தாயி!"

சீனியம்மாளுக்கு உசுரே இல்ல. எங்களுக்கு, எங்களுக்கு, எங்களுக்குன்னு முணுமுணுத்துக்கிட்டே உள்ள போனா. நீங்க பரிச்சைக்குப் போறப்ப வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே போவீகல்ல, அது மாதிரி.

ராசா உக்காந்திருக்காரு. சுத்தி மந்திரி பிரதானி. சீனியம்மா கும்பிட்டா. ராசா, "சொல்லும்மா, என்ன வேணும்?"னு கேட்டாரு, நல்ல குணமாத்தான் கேட்டாரு. அவளுக்கு ராக்கு நெனப்பு வந்துருச்சு, பிச்சம்மா வயிறு கண்ணு முன்னாடி வந்துருச்சு, முணுமுணுத்ததெல்லாம் பறந்துருச்சு.

"ராசா, நமக்கு ஒரு பாலம் வேணும் ராசா!"ன்னுட்டா.

மந்திரி எந்திரிச்சு, "என்ன சொன்னே?"ன்னு அதட்டுனாரு. மாசிலாமணி துள்ளிக் குதிச்சாரு. "பாத்தீகளா மகாராசா, தன்னோட உங்களையும் சேத்துக்கிட்டா! அது போதாதுன்னு இன்னொண்ணு. இவ மக புள்ளத்தாச்சி. மருத்துவச்சி அக்கரையில. பாலம் யாருக்கு? ஊருக்கா? இவ வீட்டுக்கு! எங்க, இல்லைன்னு கொடிமரத்தத் தொடச் சொல்லுங்க பாப்போம்!"

சீனியம்மா கொடிமரத்தப் பாத்தா. கைய நீட்டுனா. தொடுறதுக்கு முன்னாடியே கைய இழுத்துக்கிட்டா.

"பொய் சொல்ல மாட்டேன் ராசா. என் மகளுக்குந்தேன். மூத்தவள ஆத்துக்குக் குடுத்துட்டேன், இளையவளாச்சும் பொழைக்கணும்னு தான் மூணு நாளு நடந்தேன். ஆனா அவளுக்கு மட்டும் இல்ல ராசா. இக்கரையில இப்ப பதினோரு பொம்பளைக முழுகாம இருக்காக. எனக்கு வீடு வீடாத் தெரியும். ஒண்ணு செய்யிறேன். என் வீட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னா, பாலத்தக் கட்டுங்க, என் மகளுக்காக ஒருத்தரும் அதுல நடக்க வேணாம். மூக்கம்மா மத்த பத்துப் பேருக்கும் போகட்டும். எம்மகள... எம்மகள ஆத்தா மாரியாத்தா பாத்துக்கிடட்டும்."

சொல்லிப்புட்டு அங்கனயே உக்காந்து முந்தானையால வாயப் பொத்திக்கிட்டா. பெத்த வயிறு, எப்பிடித்தான் அந்த வார்த்தையச் சொல்லுச்சோ!

ராசா அவ பக்கமாக் குனிஞ்சு பாத்தாரு. அப்பறம், "என்னை ஏம்மா சேத்தே?"ன்னு கேட்டாரு.

"வாய் தவறி வந்துருச்சு ராசா. ஆனா யோசிச்சா தப்பாவும் தெரியலையே. நீங்க ஒரு நா எங்க பக்கம் வந்தா, ராசா வாராருன்னு பேயாறு வத்தவா போகுது? நீங்களும் தான் அக்கரையில நிக்கணும்."

மந்திரி பல்லக் கடிச்சாரு. ராசா சிரிச்சுட்டாரு. சிரிக்கிறப்பவே கண்ணு கலங்கிருச்சு. "முப்பது வருசமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். எங்களுக்குக் குடு, எங்களுக்குக் குடுன்னு தான் எல்லாரும் கேட்டிருக்காக. என்னையும் ஒரு மனுசனாச் சேத்து நமக்குன்னு சொன்னது நீ ஒருத்திதாம்மா"ன்னாரு.

மாசிலாமணி ஓடி முன்னாடி வந்தாரு. "மகாராசா, அவ சொந்த மகளுக்குக் கேட்டது குத்தமில்லையா? நான் மூணு தடவை ஊர்வாயா வந்தேன், மூணு தடவையும் கொடிமரத்தத் தொட்டேன். என் வீட்டுக்குன்னு துரும்பு கேட்டிருப்பேனா?"ன்னாரு.

ராசா அவரு பக்கம் திரும்புனாரு. "அப்பிடியா? அந்த ஊருணித் தண்ணிய உம்ம வீட்டுல குடிக்கிறதில்லையோ?"

"ஒரு சொட்டு குடிக்கிறதில்ல மகாராசா!"

"அந்தப் பாதையில?"

"கால் வைக்கிறதில்ல மகாராசா!"

"அந்தச் சத்திரத்துல?"

"என் வீட்டு மாடு கூட ஒதுங்குறதில்ல மகாராசா!"

வாயக் குடுத்து மாட்டிக்கிறதுங்கிறது இதுதேன். ராசா சொன்னாரு, "ரொம்ப நல்லது. இம்புட்டு நாளு எப்பிடி இருந்தீரோ, அப்பிடியே கடைசி வரைக்கும் இரும். ஊருணியில ஊரு குடிக்கட்டும், பாதையில ஊரு நடக்கட்டும், சத்திரத்துல வழிப்போக்கன் படுக்கட்டும். உம்ம வீட்டாளு, உம்ம வீட்டு மாடு, ஒண்ணும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது. ரெண்டு காவக்காரங்க கூட வருவாங்க."

அப்பறம் சீனியம்மாளப் பாத்து, "நமக்குன்னு கேட்ட பாலத்துல உன் மகள மட்டும் எப்பிடிம்மா தள்ளி வைக்கிறது? நமக்குன்னா அவளுந்தான் உண்டு. எந்திரி, ஊருக்குப் போ. பின்னாடியே கல்லு வருது"ன்னாரு.

அப்பறம் என்ன? ஆடியில கல்தச்சரு வந்தாக, ஆவணியில தூணு நட்டாக, புரட்டாசியில மேல பலகைக்கல்லு ஏத்துனாக. ஒரு நா ராசாவே குதிரையில வந்து இறங்கி, எனக்கும் பங்கு இருக்குல்லன்னு ஒரு கல்லத் தூக்குனாரு. தூக்கிட்டு இடுப்பப் பிடிச்சுக்கிட்டாரு, அது வேற கதை.

மாசிலாமணி பாடு தான் பாவம். வீட்டு வாசல் தொறந்தா பாதை, பாதையில கால் வைக்கக் கூடாது. கொல்லைப்புறத்து வேலியப் பிரிச்சு, கருவேல முள்ளுக்குள்ள தார்ப்பாச்சுன வேட்டியோட போவாரு, வருவாரு. போறப்ப ஒரு முள்ளு, வாரப்ப ஒரு முள்ளு. சின்னப் பயலுக நின்னு எண்ணுவானுக. தண்ணிக்கு மூணாவது ஊருக்குப் போகணும். அவரு பொஞ்சாதி பாவம், அந்தம்மா என்ன தப்பு செஞ்சுச்சு? சீனியம்மா தினம் தன் பங்குத் தண்ணியில ஒரு குடத்தக் கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் இறக்கி வச்சுட்டு, "நம்ம வீட்டுத் தண்ணிதேன் தாயி, எடுத்துக்கங்க"ன்னுட்டுப் போவா. காவக்காரங்க வானத்தப் பாத்துக்கிட்டு நிப்பாக.

ஐப்பசி வந்துச்சு. மழைன்னா மழை, அப்பிடி மழை. ஒரு நா விடிஞ்சு கொஞ்ச நேரத்துல பிச்சம்மாளுக்கு வலி எடுத்துருச்சு. பேயாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. கட்டுனது புதுப் பாலம், அதுக்கு இது முத வெள்ளம். நிக்குமா, நிக்காதா? மருமகன் பாலத்துல ஓடுனான். ஓடுறவனக் கண்டாக, ஆனா திரும்பி வாரதக் காணோம். மழையில எதுத்தாப்புல எதுவுமே தெரியல.

சீனியம்மா மக தலைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. பிச்சம்மா, "ஆத்தா, அக்கா மாதிரி ஆயிருவேனா ஆத்தா"ங்கிறா. "இல்லடி என் ராசாத்தி, இல்லடி"ங்கிறா இவ. சொல்றாளே ஒழிய, காது ரெண்டும் வாசல்ல கெடக்கு.

அப்ப வாசல்ல ஒரு சத்தம். "எவடி அவ, வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிறவ? தள்ளுங்கடி! வெந்நி போட்டீகளா இல்லையா?"

மூக்கம்மா! எழுபது வயசுக் கெழவி, தலையில கோணிச் சாக்கு, நனைஞ்சு சொட்டச் சொட்ட வந்து நிக்கிறா. சீனியம்மா அவ மூஞ்சியப் பாக்கல. குனிஞ்சு காலப் பாத்தா. பாலத்து மேல ஆத்துத் தண்ணி ஏறியிருந்தா சீலையில சேறு இருக்கும். சேறு இல்ல. கரண்டைக்கால்ல மழைத் தண்ணி மட்டுந்தேன். அதப் பாத்ததும் அந்தப் பொம்பள வாய்விட்டு அழுதா பாருங்க, ராக்கு செத்தன்னைக்குக் கூட அப்பிடி அழலையாம்.

"அழுறத அப்பறம் வச்சுக்கடி, இவ இடுப்பப் பிடி"ன்னு மூக்கம்மா அதட்டுனா.

உச்சிப் பொழுதுக்குள்ள கொழந்தை கத்துற சத்தம் கேட்டுச்சு. பொம்பளப் பிள்ளை. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். மூக்கம்மா கையக் கழுவிக்கிட்டு, "அடுத்த வீடு எது? ஒரு வாரத்துக்குள்ள இன்னும் ரெண்டு பேரு இருக்காளுகளாமே"ன்னு கேட்டுக்கிட்டே சாக்கத் தலையில போட்டுக்கிட்டு எந்திரிச்சுட்டா.

அம்புட்டுத்தேன். ஊரு பேரச் சொல்லி வாங்கித் தன் வேலிக்குள்ள அடைச்சவன் முள்ளுக்குள்ள நடந்தான். எல்லாருக்கும் சேத்துக் கேட்டவ பேரப்பிள்ளையக் கையில வாங்குனா. கதை அக்கரை சேந்துருச்சு, இனி உங்க கண்ணு ரெண்டும் தூக்கத்துக் கரையச் சேரட்டும். போர்வைய இழுக்காதலே, அவளுக்கும் கொஞ்சம் விடு.