எட்டு பல்பும் பத்து எச்.பி.யும்

“நான் அதுக்கு என்ன குறை வெச்சேன்?”

பட்டறை வாசலில் வந்து நின்றதும் அம்பலவாணன் கேட்ட முதல் கேள்வி இதுதான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

ஓர் ஆயில் இன்ஜினின் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்த செங்கமலம் திரும்பிப் பார்க்கவில்லை.

“எதுக்கு?”

“என் இன்ஜினுக்கு.”

மலையடிவாரத்தில் டீசல் இன்ஜின் என்றால் செங்கமலம்தான். அவளுக்கு வயது முப்பத்தெட்டு. கேட்டவருக்கு அறுபத்திரண்டு. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் அன்றைக்கு யார் வாத்தியார், யார் மாணாக்கர் என்பதை வயது தீர்மானிக்கவில்லை.

“தினமும் ஆயில் பார்க்கிறேன். துணியால துடைக்கிறேன். மழை படாம கூரை போட்டிருக்கேன். எட்டு பல்பு, ஒரு ஃபேன். அதுக்கு மேல ஒரு பொட்டு பாரம் ஏத்தினதில்லை. செல்போன் சார்ஜ் போட வந்தவங்களைக்கூடத் திட்டி அனுப்பியிருக்கேன். அப்படியும் இருமுது. புகையுது. வெளிச்சம் துடிக்குது.”

“எத்தனை எச்.பி.?”

“பத்து.”

இன்ஜினுக்குள் இருந்த கை அசையாமல் நின்றது.

“முன்னாடி அஞ்சு வெச்சிருந்தேன். பதினெட்டு மாசத்துல போச்சு. சின்னதா வாங்கினதுதான் தப்புன்னு பத்து வாங்கினேன். இப்ப இதுவும் போயிடும் போல இருக்கு. அதனால பதினஞ்சு கொடுங்க.”

கணக்கு வாத்தியார் தப்புப் பண்ணினால் சும்மா பண்ணமாட்டார். படிப்படியாகப் பண்ணுவார்.

செங்கமலம் கையை வெளியே எடுத்தாள்.

“எட்டு பல்புக்கா?”

“தாங்கணும் இல்லையா?”

“வீட்ல எத்தனை பேருக்குச் சமைக்கிறீங்க?”

“நான் ஒருத்தன்தான்.”

“கல்யாண அண்டாவிலேயா?”

அவர் சிரிக்கவில்லை. கவிழ்த்து வைத்திருந்த ஒரு டீசல் கேனின் மேல் உட்கார்ந்தார்.

“அம்மா, சிரிக்கிற நிலைமையில நான் இல்லை. மேல ஏழுசுனையில, பாதியில படிப்பை விட்ட பொம்பளைங்களுக்கு ஒரு படிப்பு வீடு நடத்துறேன். வர்ற மார்ச்சுல பத்தாவது பரீட்சை. இந்த வருஷம் இருபத்திரண்டு பேர் சேர்ந்தாங்க, இப்ப பதினோரு பேர். பத்துக்குக் கீழே போனா மூடிடுவோம்னு மேலிடத்துலேர்ந்து எழுதியே அனுப்பிட்டாங்க. சனிக்கிழமையோட படிப்பை விட்டுடறோம்னு இன்னும் ரெண்டு பேர் சொல்லியிருக்காங்க.”

“ஏனாம்?”

“வேறென்ன, வெளிச்சம்தான். பகலெல்லாம் களையெடுத்துட்டு வர்றவங்க. பாவம்னு பாடத்தைக்கூடப் பாதியாக் குறைச்சுட்டேன். அப்படியும் போறாங்க. வெளிச்சம் நிலையா நின்னா போகமாட்டாங்க. எனக்கு ஒரு இன்ஜின் வேணும். வாங்காம இங்கேயிருந்து எழுந்திரிக்கமாட்டேன்.”

சொன்னபடியே எழுந்திருக்கவில்லை. செங்கமலம் அவள் வேலையைப் பார்த்தாள். ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டு முறை டீ வந்தது. இரண்டையும் குடித்துவிட்டு அங்கேயே இருந்தார்.

கடைசியில் அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“பதினஞ்சு தரமாட்டேன்.”

“ஏன்?”

“அது இன்னும் சீக்கிரம் சாகும்.”

“அப்ப நான் என்னதான் பண்றது?”

“நாளைக்குக் காலையில ஜீப்புல நான் மேல வர்றேன். ஊர்ல எல்லாரையும் ராத்திரியே அரிசி, உளுந்து ஊறப்போடச் சொல்லுங்க. பெரிய அண்டா ஒண்ணு தேடி வைங்க.”

“நான் அண்டாவுல சமைக்கிறதில்லைம்மா.”

“தேடி வைங்க, வாத்தியாரே.”

இன்ஜினுக்குப் படையல் ஏதாவது போடப்போகிறாளோ என்று யோசித்துக்கொண்டே அவர் மலையேறினார். அதுவரை சாமி கும்பிட்டு அறியாதவர். படையல்தான் வழி என்றால் அதையும் போட்டுவிடுவது என்ற முடிவுக்கு மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வந்துவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. செங்கமலம் ஒரு கனத்த சாக்குப்பையோடு வந்து இறங்கினாள்.

பையில் ஸ்பானர் இருக்கும், புது பிஸ்டன் ரிங் இருக்கும் என்று அவர் எட்டிப் பார்த்தார். தண்ணீர் காய்ச்சும் ராடு நான்கு இருந்தது. ஒரு சுருள் ஒயர், ஒரு சுவிட்சுப் பெட்டி. அவ்வளவுதான்.

இன்ஜின் கொட்டகையின் சுவரில் ஒரு பலகை தொங்கியது. கரும்பலகையில் எழுதி எழுதித் தேர்ந்த முத்தான எழுத்து.

‘அமைதி. இன்ஜினுக்குச் சிரமம் தராதீர்.’

செங்கமலம் அதை ஒருமுறைக்கு இருமுறை படித்தாள். பிறகு சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டு வழித்து அவர் முன்னால் நீட்டினாள். கறுப்பாகக் கொழகொழவென்று இருந்தது.

“இது என்ன?”

“ஆயில் ஒழுகுது.”

“டீசல். வேலை கிடைக்காத டீசல். பாரம் இல்லாததால சூடு ஏறாம, பாதி எரிஞ்சு பாதி எரியாம உள்ளேயே தங்கிடுச்சு.”

“கழட்டிச் சுத்தம் பண்ணணுமா?”

அவள் விரலைச் சாக்கில் துடைத்துக்கொண்டாள். வேடிக்கை பார்க்க வந்திருந்த பெண்கள் பக்கம் திரும்பினாள்.

“அரசாங்கம் கொடுத்த கிரைண்டர் யார் யார் வீட்ல இருக்குது?”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எல்லார் வீட்டிலும் இருந்தது. மின்கம்பமே ஏறாத ஊருக்கு வீடு தவறாமல் கிரைண்டர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு வீட்டில் அதில் கேழ்வரகு விதை இருந்தது. இன்னொரு வீட்டில் அதன் மேல் சாமி படம் இருந்தது.

“எங்க வீட்டுதுல கோழி அடை உக்காந்திருக்குதே” என்றாள் வெள்ளச்சி. சனிக்கிழமையோடு படிப்பை விடப்போகும் இருவரில் அவள் ஒருத்தி. இருபத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள், நெருப்பு மாதிரி மூளை.

“கோழி உக்காரட்டும். மத்ததெல்லாம் வரட்டும்.”

ஓடக்கூடிய நிலையில் இருந்த ஏழு கிரைண்டர்கள் இடுப்பிலும் தலையிலும் ஏறி வந்தன. அண்டாவில் தண்ணீர் நிரம்பியது. செங்கமலம் ஒயரை இழுத்து எல்லாவற்றையும் சுவிட்சுப் பெட்டியில் சேர்த்தாள்.

பிறகு ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினாள். இன்ஜின் இருமிக்கொண்டே எழுந்தது. வெள்ளைப் புகை கக்கியது. எட்டு பல்பும் எரிந்தன. ஆம்பியர் மீட்டரின் முள் படுத்த இடத்திலிருந்து கொஞ்சம் தலையைத் தூக்கிப் பார்த்தது, அவ்வளவுதான்.

“இதுதான் நீங்க தினமும் கொடுக்கிற வேலை” என்றாள்.

கிரைண்டர்கள் சுற்றத் தொடங்கின. ஒன்று, இரண்டு, ஏழு.

இன்ஜினின் குரல் இறங்கியது.

முதல் ராடு. இரண்டாவது ராடு.

“போதும்மா” என்றார் அம்பலவாணன்.

மூன்றாவது. நான்காவது.

இன்ஜின் முக்கியது. கொட்டகைத் தரை அதிர்ந்தது. சைலன்சரிலிருந்து குபுகுபுவென்று கரும்புகை கிளம்பியது. கரிக்கட்டிகள் தெறித்து விழுந்தன. பின்னாலேயே நெருப்புப் பொறி வந்தது. பெண்கள் பத்தடி தள்ளி ஓடினார்கள்.

அம்பலவாணன் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினார், சுவிட்சை அணைக்க.

செங்கமலம் குறுக்கே நின்றாள்.

“நிறுத்துங்க! பாவம், தாங்காது!”

“எது பாவம்?”

“இன்ஜின்!”

“பத்து எச்.பி.ன்னு தெரிஞ்சுதானே வாங்கினீங்க?”

“ஆமா.”

“அப்புறம் ஏன் நம்பமாட்டேங்கிறீங்க?”

அவர் கை இன்னும் சுவிட்சை நோக்கியே நீண்டிருந்தது. அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இழுக்கவில்லை, தள்ளவில்லை, பிடித்துக்கொண்டாள்.

“கூட நில்லுங்க.”

நின்றார். அந்த ஒரு மணி நேரம் அவருக்கு எப்படிப் போயிற்று என்று அவரைத்தான் கேட்க வேண்டும். இன்ஜின் ஒவ்வொரு முறை முக்கும்போதும் அவர் முகம் கோணியது.

அண்டா கொதித்தது. பெண்கள் குடம் குடமாக மொண்டுகொண்டு போனார்கள். அந்தக் குளிரில் விறகு எரிக்காமல் வெந்நீர். தலைமுழுகாத ஆள் ஊரில் மிச்சமில்லை. அண்டாவில் மறுபடி தண்ணீர் ஊற்றினார்கள். ஏழு கிரைண்டரிலும் மாவு பொங்கி வந்தது.

கரும்புகை சாம்பல் நிறமானது.

உச்சிவேளையில் சைலன்சர் வாயில் புகையே இல்லை. அங்கே வெயில் மட்டும் லேசாக நெளிந்தது. இருமல் நின்றுபோயிருந்தது. ஒரே சீரான, அழுத்தமான ஓட்டம். பட்டப்பகலிலும் எட்டு பல்பும் துடிக்காமல் நின்று எரிந்தன.

அம்பலவாணன் மெதுவாகக் கேட்டார்.

“அப்ப ரெண்டையும் நான்தான் கொன்னேனா?”

“முதல்ல போனதைக் கொன்னது நீங்கதான். இது பொழைச்சுக்கிச்சு.”

“அக்கறையாத்தானே பார்த்துக்கிட்டேன்?”

“ஆமா. ரொம்ப அக்கறை.”

பூசி மெழுகுகிற வழக்கம் செங்கமலத்துக்குக் கிடையாது. அவர் கண் கலங்கியதைப் பார்த்தும் பார்க்காததுபோல ஒயரைச் சுருட்டினாள்.

“இந்த ராடு நாலும் இங்கேயே இருக்கட்டும். தினமும் காலையில ரெண்டு மணி நேரம் ஊருக்கு மாவும் வெந்நீரும் இதுல நடக்கட்டும். சாயந்திரம் எட்டு பல்புக்கு மட்டும் என்கிட்ட ஒரு மூணு எச்.பி. இருக்குது. கனமானது, மெதுவா சுத்தும், சத்தம் ஜாஸ்தி. ஆனா ஆயுசு கெட்டி. அடுத்த வாரம் ஏத்திட்டு வர்றேன். அதுவரைக்கும் சாயந்திரமும் ரெண்டு ராடு போட்டே ஓட்டுங்க.”

ஜீப் வரை கூடவே நடந்தார். ஒரு கேள்வி அவருக்குள் கிடந்து புரண்டுகொண்டிருந்தது.

“எவ்வளவு ஏத்தலாம்னு எப்படிம்மா தெரியும்? தாங்கலேன்னா?”

“புகையைப் பாருங்க. உள்ளே தங்கினது எரிஞ்சு வெளியே போற வரைக்கும் கறுப்பாத்தான் வரும். அதைப் பார்த்து ஓடிப்போய் நிறுத்திடாதீங்க. ஒரு மணி நேரம் கழிச்சும் கறுப்பாவே வந்தா, அப்ப குறைங்க.”

ஜீப் நகர்ந்தபோது தலையை வெளியே நீட்டினாள்.

“வாத்தியாரே, அந்தப் பலகையைக் கழட்டிடுங்க!”

சாயந்திரம் ஆறு மணி. படிப்பு வீட்டில் பதினோரு பேர். வெளியே அண்டாவில் இரண்டு ராடு. உள்ளே எட்டு பல்பும் அசங்காமல் எரிந்தன.

அம்பலவாணன் அவர்கள் முகங்களைப் பார்த்தார். இந்த வெளிச்சத்துக்காகத்தான் இத்தனை நாள் அலைந்தார். பெண்கள் அண்ணாந்து பல்பைப் பார்த்தார்கள். “நல்லாருக்குது சார்” என்றார்கள். பிறகு கரும்பலகையைப் பார்த்தார்கள்.

மூன்று மாதமாக அதில் இருப்பதுதான் இருந்தது. கூட்டல், கழித்தல், சின்னதாக ஒரு வட்டிக் கணக்கு.

வெள்ளச்சி கொட்டாவி விட்டாள். வாயைக்கூட மறைக்கவில்லை. நாளைக்குச் சனிக்கிழமை.

அம்பலவாணன் அவள் மடியில் இருந்த கணக்குப் புத்தகத்தைப் பார்த்தார். பதினோரு புத்தகங்களும் அப்படித்தான் இருந்தன. முன்பாதி கசங்கிக் காது மடங்கிக் கிடந்தது. பின்பாதியை வெள்ளை நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. கட்டியது அவர்தான். ‘இதெல்லாம் உங்களுக்கு வேண்டாம்மா, பாவம், ரொம்பச் சிரமம்’ என்று சொல்லி, முதல் மாதமே ஒவ்வொரு புத்தகத்தையும் வாங்கித் தன் கையாலேயே முடிச்சுப் போட்டிருந்தார்.

அந்த முடிச்சையே வெகுநேரம் பார்த்தார்.

பிறகு கரும்பலகையை மேலிருந்து கீழ் வரை அழித்தார்.

“நூலை அறுங்க.”

யாரும் அசையவில்லை.

“அறுங்கம்மா.”

பட் பட்டென்று நூல்கள் அறுந்தன.

ஒரு தென்னைமரம் வரைந்தார். மரத்திலிருந்து இத்தனை மீட்டர் தள்ளி ஒருத்தி நிற்கிறாள், இந்தக் கோணத்தில் அண்ணாந்து பார்க்கிறாள், மரத்தின் உயரம் என்ன? விடை வரை வரிவரியாகப் போட்டுக் காட்டினார். பக்கத்திலேயே மரத்துக்குப் பதில் ஒரு பாறையை வரைந்தார். ஜன்னலுக்கு வெளியே ஊர் எல்லையில் நிற்கிறதே, அதே யானைப்பாறை. தூரத்தை மாற்றினார், கோணத்தை மாற்றினார்.

“வெள்ளச்சி, நீ வா.”

அவள் வந்தாள். எழுதினாள். தப்பு. புறங்கையால் அழித்தாள். மறுபடி எழுதினாள். மறுபடி தப்பு. நெற்றியில் வேர்வை பூத்தது. சாக்பீஸ் உடைந்தது.

“சார், இது நமக்கு ஆகாது சார்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இன்னொருத்தி பெருமூச்சு விட்டாள்.

‘பாவம், போதும்மா, போய் உட்காரு’ என்ற சொல் அம்பலவாணனின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வலது கை தானாகவே டஸ்டரை நோக்கி நீண்டது.

இடது கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெள்ளச்சி உடைந்த துண்டைக் குனிந்து எடுத்தாள். மூன்றாவது முறையாக, ஒவ்வொரு வரியாக, வாய்க்குள் முணுமுணுத்தபடி எழுதிக்கொண்டு போனாள்.

கடைசி வரியில் ஓர் எண் வந்து நின்றது. அவள் அதைப் பார்த்தாள். ஜன்னல் வழியாக, இருட்டில் கோடாகத் தெரிந்த யானைப்பாறையைப் பார்த்தாள். மறுபடி அந்த எண்ணைப் பார்த்தாள்.

“ஏறாமலேயேவா?”

“ஏறாமலேயே.”

அவள் திரும்பினாள். முகமெல்லாம் சாக்பீஸ் தூள். கண்ணில் கோபம்.

“இத்தனை நாளா இதைப் போய் ஏன் சார் நூல் போட்டுக் கட்டி வெச்சிருந்தீங்க?”