சேற்றுக்குள் பொடிசுகள்

கடல் தண்ணீரில் இன்னும் உப்பு முழுசாக ஏறாத காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது முத்தங்கரை ராஜ்ஜியத்தில் ஓர் உப்பங்கழி இருந்தது. பெண்கள் அதன் சேற்றில் இறங்கி, காலாலேயே துழாவி மட்டிச் சிப்பி எடுப்பார்கள். என்ன பாட்டு, என்ன சிரிப்பு! நினைத்தால் எனக்கே இறங்கவேண்டும் போலிருக்கிறது.

சங்காயியும் தங்கை பவளமும் கைகோத்து இறங்குவார்கள். தேடும் மும்முரத்தில் சங்காயி தங்கையின் விரலை மிதித்துவிடுவாள். "அக்கா, அது மட்டி இல்லே, என் காலு!" என்று பவளம் கத்துவாள். தினமும் இதே கூத்துதான்.

ஒருநாள் கருங்குடத்தான் என்ற மந்திரவாதி, தன் விளக்குகளுக்குக் காய்ச்சிய எண்ணெயின் கசடைக் கழியில் கவிழ்த்தான். கழி கரேலென்று ஆனது. பவளம் விடுவாளா?

"உன் வீட்டு அடுப்பாங்கரையிலே கொட்டேன்!"

அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம். "கொக்காகப் போ! இந்தச் சேற்றில் உயிருள்ள மட்டி கிடைக்கிற அன்றுதான் உனக்கு மனுஷ உருவம்!"

எண்ணெய் குடித்த சேற்றில் மட்டி ஏது? பாவி, சிரித்துக்கொண்டே போனான். பவளம் நின்ற இடத்தில் வெள்ளைக் கொக்கு ஒற்றைக்காலில் நின்றது.

சங்காயி எண்ணெயை அள்ளிப் பார்த்தாள், தீரவில்லை. மணல் கொட்டி மூடிப் பார்த்தாள், நாற்றம்தான் கூடியது. மூன்றாவதாக ஒன்றும் தோன்றாமல் உட்கார்ந்து அழுதாள்.

"அழாதே தாயி," என்றது சேறு. ஒரு குரலா, கோடிக் குரல்!

"யாரு நீங்க?"

"கண்ணுக்குத் தெரியாத பொடிசுங்க. எண்ணெய்தான் எங்களுக்குச் சோறு. ஆனா மூச்சு முட்டினா சோறு இறங்குமா? முன்னே நீங்க மிதிக்க மிதிக்கக் காத்து உள்ளே வரும். இப்போ ஒருத்தரும் வர்றதில்லே. நீ வேற மண்ணைப் போட்டு மூடிட்டே."

சங்காயி ஊர்ப் பெண்களை அழைத்து வந்தாள். மணலை விலக்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார்கள். மிதி, மிதி, மூச்சு விடட்டும்! மறந்துபோன பாட்டெல்லாம் திரும்பி வந்தது. பொடிசுகள் தின்றன, தின்றன, தின்றுகொண்டே இருந்தன. மழை போய் வெயில் வந்தது, வெயில் போய் மழை வந்தது. மிதி, மிதி, மூச்சு விடட்டும்! இன்னொரு குடத்தோடு வந்த கருங்குடத்தான், ஆளுக்கொரு கை சேற்றோடு திரும்பிய பெண்களைப் பார்த்ததும் குடத்தைச் சுமந்தபடியே ஓடினான். கொக்கு மட்டும் அக்காவின் பக்கத்திலேயே நடந்தது.

ஒரு காலையில் சங்காயியின் கட்டைவிரலில் ஏதோ இடறியது. எடுத்தாள். மட்டி! வாய் திறந்து மூடிக்கொண்டது. இன்னொன்றும் இருக்குமோ என்று பக்கத்தில் அழுத்தி மிதித்தாள்.

"அக்கா, அது மட்டி இல்லே, என் காலு!"

சங்காயி தங்கையைச் சேற்றோடு வாரிக் கட்டிக்கொண்டு அழுதாள். கழியில் மட்டி நிறைந்தது. நம் கதையும் நிறைந்தது.