பறிக்கக் கூடாத தோட்டம்

ஒரு ஊர்ல ஒரு பள்ளிக்கூடம் இருந்துச்சு. அதுக்குப் பின்னால பிள்ளைங்களே போட்ட தோட்டம். அவரை, கீரை, தக்காளின்னு... ம் கொட்டுடா, இல்லைன்னா உனக்கு முந்தி நான் தூங்கிருவேன்.

"ம்."

அதுக்குத் தண்ணி ஊத்துறது அஞ்சாப்பு படிக்கிற செவ்வந்தி. அடிபம்பை கிரீச் கிரீச்னு அடிச்சு அடிச்சே கை காய்ச்சுப் போச்சு. குடத்தை இடுப்புல வச்சு நடந்தா, சளக் சளக்னு பாவாடையெல்லாம் நனையும். அப்புறம் வகுப்புல போய் உக்காந்தா கண்ணு சொக்கும்.

அப்போ அவரை கொத்துக் கொத்தாக் காய்ச்சுது. ஆசையாப் பறிக்கப் போனா. பெரிய வாத்தியார் ஓடி வந்து, "தொடாத தாயி! அதிகாரி தோட்டம் பாக்க வர்றாரு. காயோட இருக்கணும்"னாரு. அதிகாரி வரல. அவரை முத்தி நாராப் போச்சு.

அப்புறம் கீரை தளதளன்னு வந்துச்சு. "அடுத்த வாரம் வர்றாராம், தொடாதீங்க"ன்னாரு. வரல. கீரை பூத்து, தண்டு கட்டையாப் போச்சு. வாத்தியார் கெட்டவர் இல்லடா. மேல இருந்து போன் மேல போன் வரும். அந்த மனுசனுக்கும் அலுப்புதான்.

"ம்..."

அப்புறம் தக்காளி. செக்கச்செவேல்னு. "வெள்ளிக்கிழமை கண்டிப்பா வர்றாரு"ன்னாரு. முந்தின நாள் காலைல பிரேயர்ல, செவ்வந்தி பக்கத்துல நின்ன மயிலுங்கிற பிள்ளை தொப்புன்னு விழுந்துட்டா. மூஞ்சியெல்லாம் வெளிறிக் கெடக்கு.

"காலைல என்னம்மா சாப்பிட்ட?"ன்னு வாத்தியார் ஓடி வந்து கேட்டாரு.

"அம்மா விடியுமுன்ன வேலைக்குப் போயிருச்சு சார். ஒண்ணும் சாப்பிடல."

"ஒடம்புல ரத்தமே இல்ல. கீரை, காயெல்லாம் நல்லா சாப்பிடணும்மா"ன்னாரு வாத்தியார்.

செவ்வந்தி நேரா தோட்டத்துக்குப் போனா. பட் பட்னு தக்காளி அத்தனையும் பறிச்சு, பாவாடையில ஏந்திட்டு வந்து, சத்துணவு சமைக்கிற பாக்கியத்தம்மா முன்னால கொட்டினா.

"என்னடி இது, சார் வைவாரே!"

"வையட்டும் பெரியம்மா. தண்ணி சொமந்து சொமந்து இடுப்பு கடுக்குது. சும்மா பாக்குறதுக்கா சொமந்தேன்?"

குழம்பு கொதகொதன்னு கொதிச்சுது. மணம் வகுப்பு வரைக்கும் போச்சு. வாத்தியார் வந்து வெறுஞ்செடியப் பாத்தாரு.

"நாளைக்கு அவரு கேட்டா நான் என்ன சொல்றது?"

செவ்வந்திக்கு அழுகை வந்துருச்சு. அப்போ மயிலு ரெண்டாந்தடவை தட்டை நீட்டிக்கிட்டு நின்னா. வாத்தியார் அவளையே பாத்தாரு. அப்புறம் பிள்ளைங்களோட தரையில உக்காந்து, தனக்கும் ஒரு தட்டு கேட்டாரு.

மறுநாள் டுர்ர்ர்னு ஜீப் வந்துச்சு. "காயெல்லாம் எங்க?"ன்னாரு அதிகாரி.

"பிள்ளைங்க சாப்பிட்டுட்டாங்க சார்."

"போட்டோ எடுக்க ஒண்ணுமே இல்லையே"ன்னு மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. அவ்வளவுதான். யாரையும் பாராட்டவும் இல்ல, வையவும் இல்ல.

அப்புறம் கொஞ்ச நாள்ல கத்திரி காய்ச்சுது. வாத்தியாரே செடிகிட்ட வந்து குனிஞ்சு பாத்து, "எப்பம்மா பறிக்கலாம்?"னு செவ்வந்திகிட்ட கேட்டாரு.

"இப்பவே பறிக்கலாம் சார்"னா.

என்னடா, ம் காணோம்? சரி சரி... கதையும் ஓஞ்சுருச்சு, நானும் ஓஞ்சுட்டேன். நல்லாத் தூங்கு.