மழைக்கு மஞ்சளான தவளை

தவளைகள் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆண் தவளையும் பெண் தவளையும் ஒரே சேற்று நிறத்தில்தான் இருந்தன. வெயில் முடியும்வரை மண்ணுக்குள் தூங்கிக் கிடந்து, முதல் மழைக்கு வெளியே வரும். வயலோரக் குட்டை வற்றுவதற்குள் குஞ்சுகளுக்குக் கால் முளைத்தாக வேண்டும். அதனால் முதல் மழையன்றே முட்டையிட்டால்தான் உண்டு.

ஒரு வருஷம் மழை தாமதமாக வந்தது. குட்டையில் ஒரே ரகளை. தொந்தி என்ற ஆண் தவளை ஆசையாக ஒரு முதுகில் ஏறிக் கட்டிக்கொண்டான்.

"இறங்கடா, நான் உன் சித்தப்பன்" என்றது முதுகு.

அடுத்த முதுகு மாமனுடையதாக இருந்தது.

வயிறு நிறைய முட்டையோடு கரையில் உட்கார்ந்திருந்த பூசணி என்ற பெண் தவளைக்குப் பொறுமை போய்விட்டது. "பொழுது சாயப்போகிறது. இங்கே ஆண் யார்?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்று பத்துக் குரல் ஒன்றாகக் கேட்டது. எந்தக் குரல் எந்த உடம்பிலிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தொந்தி தத்தித் தத்தி வீராயியிடம் போனான். வயலில் கொட்டகை போட்டு மஞ்சள் அவிப்பவள் அவள்.

"அக்கா, பார்த்ததும் ஆண் என்று தெரிய எனக்கு ஒரு வழி சொல்."

"அவித்த தண்ணீர் அந்தக் குழியில் ஆறிக் கிடக்கிறது. முங்கி எழுந்தால் ஊருக்கே தெரிவாய். ஆனால் வரப்பில் நாரை நிற்கிறது, சாமி. அதற்கும் தெரிவாய்."

தொந்தி குழியின் விளிம்பில் உட்கார்ந்து நாரையின் அலகைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு குதித்தான்.

பளீரென்ற மஞ்சளில் வந்து குட்டை நடுவே நின்று கத்தினான். கத்திய வேகத்தில் இரண்டு கன்னமும் உப்பி நீலம் பாரித்தன. பூசணி சிரித்துவிட்டாள். "இப்போது தெரிகிறது" என்று நீந்தி வந்தாள். மற்ற ஆண்கள் குழியைப் பார்த்து ஓடினார்கள்.

"நாமும் முங்கலாமா?" என்று கேட்டாள் அவள் தங்கை.

"நாமும் மஞ்சளானால் பழைய குழப்பம்தான். முட்டையிடுகிறவள் சேற்றோடு சேறாக இருந்தால்தான் பிழைப்பாள்" என்றாள் பூசணி.

தொந்தி அவள் முதுகைப் பற்றிக்கொள்ள, புல்லோரம் முட்டைகள் இறங்கின. கடைசி முட்டை இறங்கும்போது நாரை அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டது.

"அசையாமல் இரு" என்று சொல்லிவிட்டுத் தொந்தி எதிர்க்கரைக்குத் தாவினான். நாரை அவனைத் துரத்தியது. அலகு அவன் முதுகை உரசிப் போனது. அவன் சேற்றுக்குள் புகுந்தான். மழை மறுபடி கொட்டி, மேலே ஒட்டியிருந்த மஞ்சளைக் கழுவியது. பக்கத்திலேயே கிடந்தவனைக் காணாமல் நாரை பறந்துபோனது.

"உன் நிறம் எங்கே?" என்று தேடி வந்த பூசணி கேட்டாள்.

"போய்விட்டது. அதன் வேலைதான் முடிந்ததே" என்றான் தொந்தி.

ஆனால் கொஞ்சம் மஞ்சள் தோலுக்குள் ஊறியிருந்தது. அடுத்த வருஷ முதல் மழைக்கு, குழிக்குப் போகாமலே அது மேலே வந்தது. அவன் மகன்களுக்கும் வந்தது.

இன்றும் முதல் மழைக்கு ஆண் தவளைகள் மட்டும் மஞ்சளாகி, நீலக் கன்னம் உப்பக் கத்திவிட்டு, சில நாளில் சேற்று நிறத்துக்குத் திரும்புவது அன்று தொடங்கியதுதான்.