ராஜகிளி அம்மாள் இறந்ததை ஒப்புக்கொண்ட விதம்

மாவடியூரில் அனைவர் நலக் கட்சி என்று ஒன்று இருந்தது. பேரில் அனைவரும் இருந்தாலும் கட்சியில் ஆள் குறைவு. அதிலும் ஏகாம்பரம், சொக்கநாதன், புகழேந்தி என்ற மூவரைக் கழித்துவிட்டால் புத்தி கொஞ்சமாவது மிஞ்சும். தலைவர், பாவம், கழிக்கத் தெரியாதவர். அவர்களைக் கூட்டி, ஓய்வூதியச் சீர்திருத்தக் குழு என்று பேரும் வைத்துவிட்டார்.

இடைத்தேர்தல் நேரம். பிரசாரத்துக்குக் கிளம்பின தலைவர் வேனில் ஒரு காலை வைத்துக்கொண்டே குழுவுக்குக் கட்டளை சொன்னார். பென்ஷன் வாங்குகிற பெரியவர் யாரும் இனி வரிசையில் நிற்கக் கூடாது. யாருடைய பென்ஷனும் தடைபடக் கூடாது. முக்கியமாக, அதிகாரியோ பொதுஜனமோ, யாரையும் பொய் சொல்கிறார் என்று சொல்லிவிடக் கூடாது, ஓட்டுப் போய்விடும். நாளைக்கு எழுதப்போகிற கொள்கையை இன்றைக்கே செய்து காட்டுங்கள் என்று முடித்து, இன்னொரு காலையும் வேனுக்குள் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மூவரும் பென்ஷன் ஆபீசுக்குப் போனார்கள். வருஷத்துக்கு ஒருமுறை பென்ஷன்காரர்கள் நேரில் வந்து, நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று முகத்தைக் காட்டிவிட்டுப் போகிற காலம் அது. வாசல்வரை வரிசை.

அதில் இரண்டாவது ஆள் ராஜகிளி அம்மாள். நகராட்சிப் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். யாரோ எதையோ தப்பாகப் பதிந்ததில் அவர் இறந்துபோனதாக ஆகிவிட்டது. அன்றிலிருந்து பென்ஷன் வரவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. மளிகைக்கடைக்காரர் வேறு முகத்தைத் திருப்ப ஆரம்பித்திருந்தார். இன்றைக்கு ஜன்னலுக்குள் தலையை விட்டாவது நான் இருக்கிறேன் என்று சொல்லிவிடுவது என்று விடிகிறபோதே வந்து இடம் பிடித்திருந்தார்.

மூவரும் பந்தல்காரரிடம் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்து எல்லாரையும் உட்கார வைத்தார்கள். வரிசைக்கே மகிழ்ச்சி. முதல் ஆள் வேலையை முடித்துப் போனார். அங்கேதான் வந்தது வினை.

"அடுத்தவங்க முன்னாடி வரணுமே. எழுந்திரிச்சா நின்ன மாதிரி ஆயிடும்," என்றார் சொக்கநாதன்.

"நாற்காலியோட தூக்கிடுவோம்," என்றார் புகழேந்தி.

ஏகாம்பரம் வரிசையை ஒருமுறை பார்த்தார். குழுத் தலைவர் அல்லவா, யோசனை அவருக்குத்தான் உதித்தது. "இத்தனை பேரையும் தூக்கி ஒவ்வொரு அடி நகர்த்தினா நம்ம இடுப்பு என்னத்துக்கு ஆகும்? முன்னாடி ஒரே ஒரு இடம்தானே காலி? கடைசி ஆளைத் தூக்கி அங்கே வச்சுட்டா வேலை முடிஞ்சது."

அப்படியே செய்தார்கள். ஒவ்வொருவராகக் கடைசியிலிருந்து முன்னால் வந்து காரியத்தை முடித்துப் போனார்கள். ராஜகிளி அம்மாள் இரண்டாவதாகவே இருந்தார். கடைசியில் அவர் ஒருத்தர் மிஞ்சினபோது ஜன்னலைச் சாத்திவிட்டு அதிகாரி சாப்பாட்டுக்குக் கிளம்பினார்.

அம்மாளுக்கு வந்ததே கோபம்! ஏகாம்பரத்தின் துண்டைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருப்பீங்க. என் பென்ஷனை வாங்கிக் குடுத்துட்டு இந்தத் துண்டை வாங்கிக்க," என்றார்.

துண்டு போனால் கட்சியில் மரியாதை போச்சு. மூவரும் ஓடி அதிகாரியை மறித்து உள்ளே அழைத்து வந்தார்கள். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், இந்தம்மா இறந்துவிட்டார் என்றார். இதோ இருக்கிறேனே என்றார் அம்மாள். குழு அவசரமாகப் புங்கமரத்தடியில் கூடியது.

"அதிகாரி பொய் சொல்றார்னு சொல்லலாமா?" என்று கேட்டார் சொக்கநாதன்.

"தலைவர் கூடாதுன்னுட்டார்," என்றார் ஏகாம்பரம்.

"அப்போ அம்மா?"

"அதுவும் கூடாது. அம்மா செத்ததும் நிஜம், இருக்கிறதும் நிஜம்."

அப்புறம் புகழேந்தி மெதுவாகச் சொன்னார். "எங்க பெரியப்பா செத்தப்போ பெரியம்மாவுக்குப் பென்ஷன் வந்துச்சு. செத்தவங்க பென்ஷன் இருக்கிறவங்களுக்குப் போகும். இங்கே செத்தவங்களும் இருக்காங்க, இருக்கிறவங்களும் இருக்காங்க. வேற என்ன வேணும்?"

ஆக, காலமான ராஜகிளிக்கு வாரிசு ராஜகிளி என்று தீர்மானமாயிற்று. இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று அதிகாரி கேட்டார். அம்மாள் மூவரையும் ஒரு பார்வை பார்த்தார். வயிறு காய்கிறபோது ரோஷம் பார்த்து என்ன ஆகப்போகிறது?

"அவளைச் சின்ன வயசுலேருந்தே எனக்குத் தெரியும்ங்க," என்றார்.

பசி மயக்கத்தில் அதிகாரி முத்திரையைக் குத்தினார். வாரிசுக்குப் பாதிதான் என்றார். பாதியா என்று அம்மாள் வாயைத் திறந்ததும், துக்க வீட்டில் பணத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று சொல்லி ஏகாம்பரம் துண்டை வாங்கிக்கொண்டார். பாதிப் பணத்தில் அரிசி வந்தது, மளிகைக்கடைக்காரர் மறுபடி சிரித்தார். செத்த பிறகும் பென்ஷன் அவரவருக்கே என்று கட்சி சுவரெல்லாம் எழுதியது. மாவடியூர்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, அதற்கே ஓட்டுப் போட்டார்கள்.

அடுத்த வருஷமும் நாற்காலி போட்டார்கள். ஆனால் பெரியவர்கள் விவரமாகிவிட்டார்கள். கடைசியில் இருந்தால்தான் முதலில் போகலாம் என்று ஆளாளுக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் பின்னால் போனதில் வரிசை பஸ் ஸ்டாண்டைத் தாண்டிவிட்டது. ஜன்னலில் ஈ காக்கை இல்லை. ராஜகிளி அம்மாள் நிதானமாக நடந்துபோய் அதிகாரி முன்னால் நின்றார்.

வாரிசு வந்தது சரி, ராஜகிளி இன்னும் இறந்தேதான் இருக்கிறார் என்பதற்கு யார் சாட்சி என்று கேட்டார் அதிகாரி. ஏகாம்பரம் முன்னால் வந்து, கையோடு கொண்டுவந்திருந்த நினைவுநாள் மாலையை அம்மாள் கழுத்தில் போட்டார்.

"சொல்லுங்கம்மா."

பாதியும் போய்விடுமோ என்ற பயம் அம்மாளுக்கு. "ஆமாங்க, நான் செத்து ஒரு வருஷமாச்சு," என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டார்.

அதிகாரிக்குப் பரம திருப்தி. அடுத்த வருஷமும் இறந்தவரே நேரில் வர வேண்டும், வேறு யாரை அனுப்பினாலும் செல்லாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.